எண்ணெய் டின்னுக்கு எந்த ஊர்? – உணவு வணிகத்தில் கொள்முதல் அறம்

நம் சங்க மலரில் ஆண்டுதோறும் இலக்கியம், கல்வெட்டு, இசை, கோயிற்கலை என்று அரிய கட்டுரைகள் இடம்பெறுகின்றன. அவற்றின் நடுவே ஒரு மொத்த வியாபாரி பாமாயிலைப் பற்றி எழுதுவது சில அன்பர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நம் எல்லார் வீட்டு அடுக்களையிலும் தினமும் நடக்கிற ஒரு காரியத்தில் அறநூல்கள் பேசும் பெரிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒருவன் செய்த தீமையில் விளைந்த பொருளை இன்னொருவன் காசு கொடுத்து வாங்கினால், அந்தத் தீமையில் வாங்கியவனுக்குப் பங்கு உண்டா, இல்லையா? இக்கேள்வியை ஒரு டின் எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். மும்பைக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. முதலில் மஸ்ஜித் பந்தர், பிறகு வாஷி என்று தானியமும் எண்ணெயும் விற்றே காலம் போயிற்று. கல்லூரிப் படிப்பு கிடையாது. கடையில் கூட்டம் இல்லாத பிற்பகல்களில் படித்ததுதான் என் படிப்பு. அதில் பாதி நம் பழந்தமிழ் நூல்கள், பாதி வியாபாரப் பத்திரிகைகள். இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றன என்று சமீப ஆண்டுகளில் எனக்குத் தோன்றுகிறது.

சொல்லும் பொருளும்

பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இப்போது 'சஸ்டைனபிலிட்டி' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'நீடித்த நிலைத்தன்மை' என்று தமிழில் எழுதுகிறார்கள். 1987இல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் குழு இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள்ளும்போது, பின்வரும் தலைமுறை தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் வழியை அடைத்துவிடக் கூடாது என்பதே அதன் சாரம். விதைநெல்லைக் குத்திச் சாப்பிடாதே என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதையேதான்.

இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் சி.எஸ்.ஆர். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்கூடம் கட்டலாம், மரம் நடலாம். நல்ல காரியந்தான். ஆனால் அது சம்பாதித்த பணத்தை எப்படிச் செலவு செய்கிறாய் என்ற கேள்வி. நான் இங்கே பேச வந்தது, அந்தப் பணத்தை எப்படிச் சம்பாதித்தாய் என்ற கேள்வி. படியில் அளவு குறைத்து விற்றவன் அன்னதானம் செய்தால் தானத்தின் புண்ணியம் ஒரு பக்கம் இருக்கட்டும். குறைத்த அளவு குறைத்ததுதானே?

உணவுப் பொருள் விற்கும் பெரிய அங்காடி ஒன்று பிளாஸ்டிக் பையை நிறுத்துகிறது, கூரையில் சூரிய மின்தகடு போடுகிறது. இவையெல்லாம் கடைக்கு உள்ளே நடப்பவை. ஆனால் அந்தக் கடையால் உலகத்துக்கு ஏற்படும் நன்மை தீமையில் பெரும்பகுதி கடைக்குள் இல்லை. அலமாரியில் அடுக்கியிருக்கும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் டீத்தூளும் விளைந்த இடத்தில் இருக்கிறது. அந்த இடம் வரை போய்ப் பார்த்து வாங்குவதைத்தான் 'பொறுப்பான கொள்முதல்' என்கிறோம்.

பெரிய கடைகள் இதில் ஆர்வம் காட்டத் தொடங்கியதற்குக் கருணை மட்டும் காரணமில்லை, பயமும் உண்டு. 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு சாஸ் தயாரிக்கப் பயன்பட்ட மிளகாய்த்தூளில் சூடான்-1 என்ற சாயம் கலந்திருந்தது. உணவில் சேர்க்கவே கூடாத தொழிற்சாலைச் சாயம் அது. மிளகாய்த்தூள் போனது நம் நாட்டிலிருந்து. அந்த சாஸை வாங்கி மற்ற நிறுவனங்கள் தங்கள் உணவுகளில் சேர்த்திருந்தன. கடைசியில் நானூறுக்கும் மேற்பட்ட பொருள்களை அலமாரிகளிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. எங்கோ ஒரு மிளகாய்க் களத்தில் யாரோ செய்த கலப்படம் ஒரு நாட்டின் அங்காடிகளையே ஆட்டிவைத்தது. "எனக்கு விற்றவரைத் தெரியும், அவருக்கு விற்றவரைத் தெரியாது" என்பது இனிமேல் செல்லாது என்று அவர்கள் அன்றைக்குப் புரிந்துகொண்டார்கள்.

ஒரு குலையின் பயணம்

இனிப் பாமாயிலுக்கு வருவோம். எண்ணெய்ப் பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1848இல் டச்சுக்காரர்கள் நான்கு கன்றுகளைக் கொண்டுவந்து ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் வைத்தார்கள். மலேயாவில் முதல் வணிகத் தோட்டம் 1917இல் குவாலா சிலாங்கூர் பக்கத்தில் உருவாயிற்று. பின்னாளில் ரப்பர் விலை சரிந்தபோது தோட்டக்காரர்கள் ரப்பரை அழித்துவிட்டு எண்ணெய்ப் பனை வைத்தார்கள். ரப்பர் பால் வெட்டப் போன நம் தமிழ்க் குடும்பங்கள் பல இந்தத் தோட்டங்களிலும் உழைத்தவை. 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விடும் வரை, மலேசியாவில் இம்மரத்துக்குத் தொழிலாளர்கள் கையாலேயே மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. நம் வாசகர்களில் சிலருக்குப் பெரியப்பா வீட்டிலோ மாமா வீட்டிலோ அந்தத் தோட்டத்துக் கதைகள் இருக்கக்கூடும்.

இன்று உலகப் பாமாயிலில் ஏறக்குறைய 85 விழுக்காடு இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் உற்பத்தியாகிறது. அதை அதிகம் இறக்குமதி செய்யும் நாடு நம் இந்தியா. சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு 75 லட்சம் டன் முதல் 100 லட்சம் டன் வரை வருகிறது. நம் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1994இல் பாமோலின் இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு மண்டியின் முகமே மாறியதை நான் கண்ணால் பார்த்தவன். கடலெண்ணெய் டின்கள் இருந்த இடத்தில் பாமோலின் டின்கள் அடுக்கடுக்காக ஏறின. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் பல ஆண்டுகளாக லிட்டர் 25 ரூபாய்க்குக் கொடுப்பதும் பாமோலின்தான்.

"நாங்க வீட்டில பாமாயிலே வாங்கறதில்லைங்க" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ், மிக்சர், ரொட்டி, ஐஸ்கிரீம் பாக்கெட்டுகளின் பின்புறத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துப் பாருங்கள். பாமாயில், பாமோலின் என்ற பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று தெரியும். குளியல் சோப்பிலும் அதன் பங்கு உண்டு.

பழம் எப்படி எண்ணெயாகிறது என்று தெரிந்தால்தான், அது எந்த ஊர் எண்ணெய் என்று கண்டுபிடிப்பதன் கஷ்டம் புரியும். குலையை வெட்டிய ஓரிரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிக் கெட்டுவிடும். ஆகவே ஒவ்வோர் ஆலையும் தன்னைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மட்டுமே குலை வாங்க முடியும். அதுவரை ஊர் தெரியும். ஆலையிலிருந்து பச்சை எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே பல ஆலைகளின் எண்ணெய் ஒன்றாகிறது. திரவமாக நிற்கும் பகுதி பாமோலின், கட்டியாகும் பகுதி ஸ்டியரின் என்று பிரிகிறது. பிறகு கப்பல். பிறகு காண்ட்லாவிலோ நவாசேவாவிலோ சென்னையிலோ துறைமுகத் தொட்டி. அந்தத் தொட்டியிலிருந்து என் கடைக்கு வரும் டின்னைக் காட்டி "இது எந்தத் தோட்டத்துது?" என்று கேட்டால், கடலில் இறங்கி நின்று இது காவிரித் தண்ணீரா கிருஷ்ணா தண்ணீரா என்று கேட்டதுபோல ஆகிவிடும்.

தீயும் சதுப்பும்

எந்தத் தோட்டம் என்று ஏன் கேட்க வேண்டும்? சுமத்ராவிலும் போர்னியோவிலும் காட்டை அழித்து உண்டாக்கிய தோட்டங்கள் உண்டு. ஒராங் உத்தான் குரங்கு, சுமத்ராப் புலி, யானை இவற்றின் வாழிடம் அவை. அதிலும் மோசமானது சதுப்புக் காடு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலைதழைகள் தண்ணீருக்குள் விழுந்து, மக்காமல், பல மீட்டர் ஆழத்துக்குக் கரிமண்ணாகப் படிந்திருக்கும். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் அந்த மண் காய்ந்து விறகாகிவிடுகிறது. ஒருமுறை தீப்பிடித்தால் மண்ணுக்கு அடியிலேயே வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். 2015இல் இந்தோனேசியாவில் எரிந்த நிலம் சுமார் 26 லட்சம் ஹெக்டேர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிகளை மூடினார்கள். அந்த ஆண்டு இழப்பு 1,600 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. தீ அத்தனைக்கும் எண்ணெய்ப் பனை காரணமில்லை. காகித மரத் தோட்டங்களும் வேறு விவசாயமும் வறட்சியும் சேர்ந்துகொண்டன. ஆனால் பனைக்கும் அதில் பங்கு உண்டு.

மனிதர் பாடும் இருக்கிறது. 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை, மலேசியாவின் இரண்டு பெரிய தோட்ட நிறுவனங்களின் பாமாயிலை, கட்டாய உழைப்பு அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி உள்ளே விட மறுத்தது. ஒரு காலத்தில் தமிழன் பட்ட பாட்டை இன்று வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் போனவர்கள் படுகிறார்கள்.

நம் நூல்கள் சொல்வது

இங்கேதான் நான் படித்த நூல்கள் எனக்குத் துணைக்கு வருகின்றன. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், கள்ளாமை விரதம் பூண்ட இல்லறத்தான் வழுவக்கூடிய ஐந்து இடங்கள் சொல்லப்படுகின்றன. திருட்டுக்குத் தூண்டுகோலாக இருப்பது, திருடி வந்த பொருளை வாங்குவது, அரசின் விதியை மீறி வாணிகம் செய்வது, கூடுதல் குறைவாக அளப்பது, போலியைக் கலந்து விற்பது என்பன அவை. இரண்டாவதைக் கவனியுங்கள். நூலாசிரியர் திருடனை மட்டும் கேட்கவில்லை. வாங்குகிறவனையும் நிறுத்தி, இது உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்கிறார். பழங்குடி மக்களின் நிலத்தைச் சம்மதமில்லாமல் வளைத்துப்போட்டு விளைவித்த பொருளை வாங்குவது இந்த இரண்டாவது வழுவில் சேருமா, சேராதா? நிறுவனங்கள் இன்று 'சப்ளையர் நடத்தை விதி' என்று அச்சிட்டுத் தரும் புத்தகங்களில் இருப்பதெல்லாம் இந்த ஐந்தின் விரிவுரைதான்.

சுவேதாம்பர ஆகமமான உவாசகதசாங்கம் இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களை வரிசைப்படுத்துகிறது. அவற்றில் காட்டுக்குத் தீ வைப்பது ஒன்று. ஏரி குளங்களை வற்றடிப்பது ஒன்று. சதுப்பை வடித்துத் தீ வைப்பது என்பது இரண்டையும் ஒரே இடத்தில் செய்வது! இதை முதன்முதலில் சேர்த்துப் பார்த்த அன்று எனக்கு மெய்சிலிர்த்தது.

இது ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய பேச்சு அன்று. திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்தில், தின்பதற்காக வாங்குவோர் இல்லாவிட்டால் விலைக்காகக் கொல்வோரும் இருக்கமாட்டார் என்ற வாதத்தை வள்ளுவர் வைக்கிறார். இன்றைய பொருளாதாரம் பேசும் தேவை, அளிப்புக் கணக்கு அது. கொன்றவன் ஒருவன், வாங்கி உண்டவன் வேறொருவன் என்றால் வினை யாரைச் சேரும் என்பது நீலகேசியில் பௌத்தரோடு நடக்கும் வாதங்களிலும் வருகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாராட்டும் இடத்தில், அவர்கள் கொடுப்பதில் குறைப்பதில்லை என்பதோடு கொள்வதில் மிகுதியாகக் கொள்வதில்லை என்பதும் சேர்ந்தே வருகிறது. விற்பனையில் மட்டுமல்ல, கொள்முதலிலும் அறம் உண்டு என்பது தமிழன் ஈராயிரம் ஆண்டுகளாக அறிந்தது.

செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்று வினையை மூன்றாகப் பிரிப்பது நம் மரபு. நேற்று வரை சட்டம் முதலாவதை மட்டும் கேட்டது. இன்று உலகச் சந்தை இரண்டாவதையும் மூன்றாவதையும் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருப்பதைப் பார்த்து நாம் நிம்மதியாக வாங்குகிறோம். என் மருமகளும் ஒருமுறை, "பச்சைப் புள்ளிதான் இருக்கே மாமா, அப்புறம் என்ன தேடறீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. உள்ளே உயிர்ப்பொருள் கலக்கவில்லை என்று அந்தப் புள்ளி உறுதி சொல்கிறது. இது விளைந்த இடத்தில் எத்தனை உயிர்கள் வீடிழந்தன என்று சொல்லும் பொறுப்பு அதற்குக் கிடையாது. அதற்கு வேறு கணக்கு வேண்டும்.

நான்கு வகைச் சான்று

அந்த வேறு கணக்கை உண்டாக்க 2004இல் 'நிலைத்த பாமாயிலுக்கான வட்டமேசை' என்ற அமைப்பு தொடங்கியது. ஆர்.எஸ்.பி.ஓ. என்பார்கள். இதைத் தொடங்கியவர்களில் டபிள்யு.டபிள்யு.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும், யூனிலீவரும், மலேசியத் தோட்ட முதலாளிகள் சங்கமும், மிக்ரோஸ் என்ற சுவிட்சர்லாந்து அங்காடி நிறுவனமும் இருந்தன. கடைக்காரர் ஒருவர் முதல் வரிசையில் இருந்தார் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. சான்று பெற்ற எண்ணெய் 2008இல் சந்தைக்கு வந்தது. இப்போது உலக உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்குச் சான்று உண்டு. 2018இல் விதியைக் கடுமையாக்கி, காடழிப்பும் சதுப்பில் புதிய நடவும் கூடாது என்றார்கள்.

சான்று என்றால் ஒரே வகை அன்று, நான்கு வகை. இதைப் புரிந்துகொள்ளாமல் முத்திரையைப் பார்த்து மயங்கக் கூடாது.

முதலாவது, தனி அடையாளம். ஒரே ஆலையின் எண்ணெய் கடைசி வரை வேறெதோடும் கலக்காமல் வருவது. ஆரணியில் இன்ன ரைஸ் மில் என்று சொல்லி, கட்டிய மூட்டை கட்டியபடியே மாதுங்காவில் இறங்குவது போல.

இரண்டாவது, தனித் தொகுப்பு. சான்று பெற்ற பல ஆலைகளின் எண்ணெய் ஒன்றோடொன்று கலக்கலாம், சான்று பெறாததோடு கலக்கக் கூடாது.

மூன்றாவது, அளவுச் சமன். இதில் சான்றுள்ளதும் இல்லாததும் தொட்டியில் கலந்துவிடும். ஆனால் நூறு டன் சான்றுள்ள எண்ணெய் உள்ளே வந்தால், நூறு டன்னை மட்டுமே சான்றுள்ளதாக வெளியே விற்கலாம். கலப்பு உண்டு, கணக்கில் பொய் இல்லை.

நான்காவது, வரவு வாங்குதல். இது அந்தக் காலத்து மணியார்டர் மாதிரி. நாம் மாதுங்கா தபாலாபீசில் கட்டிய அதே நோட்டு வந்தவாசிக்குப் போகாது. ஆனால் அங்கே அம்மா கையில் அதே தொகை போய்ச் சேரும். நிறுவனம் தான் வாங்கிய எண்ணெய் அளவுக்கு ஈடாக, எங்கோ ஒழுங்காகப் பயிரிட்ட விவசாயியின் வரவுச் சீட்டை வாங்கிக்கொள்கிறது. எண்ணெய் ஒரு வழி, காசு ஒரு வழி.

நான்கும் உதவாதவை என்று சொல்லமாட்டேன். மூன்றாவதும் நான்காவதும் இல்லாவிட்டால் தொடங்கியே இருக்க முடியாது. ஆனால் நான்காவது வகையை வாங்கிவிட்டு, "எங்கள் பிஸ்கட்டில் காடழிப்பே இல்லை" என்று விளம்பரம் செய்தால் அது போலியைக் கலந்து விற்கும் ஐந்தாவது வழுவுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது.

இந்த வட்டமேசைக்கு வெளியேயும் மாற்றம் நடந்தது. 2013 டிசம்பரில், சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வில்மர் என்ற மிகப் பெரிய பாமாயில் வணிக நிறுவனம், காடழிப்பு, சதுப்பழிப்பு, மக்களைச் சுரண்டுதல் மூன்றும் இல்லாத எண்ணெயையே வாங்குவோம் என்று அறிவித்தது. மற்ற பெரிய வணிகர்களும் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தார்கள். இந்தோனேசிய அரசு 2011இல் போட்ட காட்டு உரிமத் தடையை 2019இல் நிரந்தரமாக்கிற்று. இவற்றின் பயனாக அந்நாட்டில் பனைக்காகக் காடழிப்பது 2012ஐ ஒட்டி உச்சத்தில் இருந்து, அடுத்த பத்தாண்டுகளில் பெரிதும் குறைந்தது. வாங்குகிறவன் கேட்டால் விற்கிறவன் மாறுவான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் 2020க்குள் காடழிப்பைச் சூனியமாக்குவோம் என்று 2010இல் உலகப் பெருநிறுவனங்கள் சேர்ந்து கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

விட்டுவிட்டால் தீருமா?

"அப்படின்னா பாமாயிலே வேண்டாம், விட்டுடலாமே" என்று கேட்பார்கள். பிரிட்டனில் ஐஸ்லாந்து என்ற அங்காடி நிறுவனம் 2018இல் தன் சொந்தப் பெயரில் விற்கும் பொருள்களில் பாமாயிலை நிறுத்துவதாக அறிவித்தது. 2022இல் உக்ரைன் போர் வந்து சூரியகாந்தி எண்ணெய் கிடைக்காமல் போனபோது, சில பொருள்களில் மறுபடி பாமாயிலுக்கே வர வேண்டியதாயிற்று.

விளைச்சல் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப் பனை ஆண்டுக்கு மூன்றரை டன்னை ஒட்டி எண்ணெய் தரும். சோயாவில் அரை டன் வருவதே கடினம். பாமாயிலை விட்டு எல்லோரும் சோயாவுக்குப் போனால், அதைவிடப் பல மடங்கு நிலம் வேண்டும். சுமத்ராக் காட்டுக்குப் பதிலாகப் பிரேசில் காடு போகும். மரத்தின்மேல் குற்றமில்லை. எங்கே, எப்படி நட்டார்கள் என்பதில்தான் குற்றம்.

சிறியவர் பாடு

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. வியாபாரி என்ற முறையில் எனக்கு இதுதான் மிகவும் உறுத்துகிறது. இந்தோனேசியத் தோட்டப் பரப்பில் ஏறக்குறைய 40 விழுக்காடு சிறு விவசாயிகளிடம் இருக்கிறது. இரண்டு, மூன்று ஹெக்டேர்க்காரர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் செய்தது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த பாமாயில், காப்பி, கோகோ, ரப்பர் முதலியவை அங்கே விற்பனைக்கு வரக் கூடாது. விளைந்த நிலத்தின் இருப்பிடக் குறியீட்டைக் காட்ட வேண்டும். இதை அமலாக்கும் நாள் ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போயிற்று. பெரிய தோட்டக்காரன் ஆள் வைத்து வரைபடம் எடுத்துக் கொடுத்துவிடுவான். பட்டாவே சரியில்லாத சிறு விவசாயி என்ன செய்வான்? நம் குடகு, நீலகிரி, வயநாடு காப்பி விவசாயிகளுக்கும் இதே கவலை உண்டு. காட்டை அழிக்காதவனும் காகிதம் இல்லாததால் வெளியே தள்ளப்படுவான்.

என் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய அங்காடி நிறுவனம், என் சிறிய பருப்புப் பேக்கிங் கூடத்துக்கு நீண்ட கேள்வித்தாள் அனுப்பியது. தொழிலாளர் நலம், தண்ணீர், கழிவு, குழந்தை உழைப்பு என்று எல்லாம் நல்ல கேள்விகள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அதே நிறுவனம் என் பில்லுக்குப் பணம் தர மூன்று மாதம் இழுத்தது, விலையையும் குறைக்கச் சொன்னது. கூலியை வாரம்தோறும் கொடு என்று எனக்கு உபதேசம். எனக்குக் கொடுக்க வேண்டியதோ மூன்று மாதம் கழித்து. பொறுப்பான கொள்முதல் என்பது விற்கிறவனைக் கேள்வி கேட்பது மட்டுமல்ல. நியாயமான விலையை உரிய நாளில் கொடுப்பதும் அதில் சேர்ந்தது. கொள்வதில் மிகுதியாகக் கொள்ளாதே என்று பட்டினப்பாலை பாராட்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டு நிலை

உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் வாங்குகிற நாம்தான் அதைப் பற்றி மிகக் குறைவாகக் கேட்கிறோம். மண்டியில் தரகரிடம் "சான்றுள்ள எண்ணெய் கிடைக்குமா?" என்று விசாரித்திருக்கிறேன். "காகிதம் வேணும்னா காசு கூட ஆகும் சேட், உங்க கஸ்டமர் குடுப்பாங்களா?" என்பதுதான் பதில். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எங்கள் வாடிக்கையாளர் கேட்பது விலை ஒன்றே. ரேஷன் எண்ணெயை நம்பிக் குடும்பம் நடத்துகிற ஒருவரிடம் போய் ஒராங் உத்தானுக்காக இரண்டு ரூபாய் கூடக் கொடு என்று சொல்ல எனக்கு நா எழாது. அந்தச் செலவைத் தாங்க வேண்டியவர்கள் பெரிய பிராண்டுகளும், அவற்றை வாங்க வசதியுள்ள நாமும்தான்.

அரசின் பக்கத்தில் இரண்டு முக்கியமான மாற்றங்கள். ஒன்று, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2021இல் கொண்டுவந்த பொறுப்பு அறிக்கை விதி. 2022-23 நிதியாண்டு முதல், சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் இதைக் கட்டாயம் வெளியிட வேண்டும். பி.ஆர்.எஸ்.ஆர். என்று பெயர். மூலப்பொருள்களைப் பொறுப்பாக வாங்க உங்களிடம் ஏற்பாடு உண்டா, உண்டென்றால் எத்தனை விழுக்காடு அப்படி வாங்கினீர்கள் என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. நம் வீட்டுக்கு பிஸ்கட் விற்கும் நிறுவனம் அதற்கு என்ன பதில் எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மற்றொன்று, 2021 ஆகஸ்டில் 11,040 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அறிவித்த எண்ணெய்ப் பனை தேசியத் திட்டம். ஆந்திரமும் தெலங்கானாவும் இதில் முன்னணியில் உள்ளன. வடகிழக்கு மாநிலங்களுக்கும் தனிக் கவனம். இறக்குமதி குறைவது நல்லதே. ஆனால் இம்மரத்துக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். பல்லுயிர்ச் செழிப்புள்ள வடகிழக்கு மலைச் சரிவுகளில் ஒரே பயிரைப் பரப்புவது பற்றி இயற்கை அறிஞர்கள் கவலை தெரிவித்திருக்கிறார்கள். போர்னியோவில் கேட்ட கேள்விகளை மிசோரத்திலும் கேட்கத்தான் வேண்டும். நம் மண்ணில் நடந்தால் தீமை தீமையில்லை என்று ஆகிவிடாது.

நாம் செய்யக்கூடியது

பெரிய நிறுவனங்களைப் பற்றிப் பேசிவிட்டு நம் வேலையைச் சொல்லாமல் போகக் கூடாது. முதலாவது, பொரிப்பதையும் வறுப்பதையும் குறைத்தால் உடம்புக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது. இதற்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. இரண்டாவது, பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசிக்கும் பழக்கம். நம் பிள்ளைகளுக்கு இதை ஒரு விளையாட்டாகவே கற்றுக்கொடுக்கலாம். மூன்றாவது, நிறுவனத்துக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதி, உங்கள் பாமாயில் எங்கிருந்து வருகிறது, நான்கு வகைச் சான்றில் எது என்று கேட்பது. வாடிக்கையாளரின் கடிதத்துக்கு உள்ளே எவ்வளவு மதிப்பு என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். நான்காவது, கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வாங்கினாலும் இதே கேள்வியைக் கேட்பது. செக்கு எண்ணெய் என்று எழுதி ஒட்டியதெல்லாம் செக்கில் ஆட்டியது ஆகிவிடாது.

ஐந்தாவது, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் ஆயிரம் பேருக்குமேல் இலை போடுகிறோம். சமையல் ஒப்பந்தக்காரரிடம் எத்தனை கூட்டு, எத்தனை பொரியல் என்று பேசுகிற குழு, எண்ணெய் என்ன, அரிசி எங்கிருந்து, பரிமாறும் பையன்களுக்குக் கூலி எவ்வளவு, என்றைக்குக் கொடுப்பீர்கள் என்று மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். பதிலை விழாச் செலவுக் கணக்கோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். செலவு கொஞ்சம் கூடினால், என் பங்குக்கு எண்ணெய் விலையின் வித்தியாசத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். செயற்குழு இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.